அக்கா வீட்டுக் கொல்லையில் அடித்த முளை

ஊர் அவளுக்கு வைத்த பெயர் முளைக்குச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நகராட்சியில் சதுப்பு நில ஆய்வாளர் உத்தியோகம். தோளில் ஒரு கோணிப்பை, பைக்குள் ஆரஞ்சு வண்ணம் பூசிய மரமுளைகள், கையில் ஒரு சுத்தியல். அவள் வண்டி ஒரு தெருவுக்குள் திரும்பினால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஆட்கள் வேலியோரம் வந்து நின்றுவிடுவார்கள். இன்றைக்கு யார் தலையில் இடி விழப்போகிறது என்று பார்க்க வேண்டாமா?

ஊருக்கு நடுவில் அந்தச் சதுப்பு கிடந்தது. மழைத் தண்ணீரையெல்லாம் அது வாங்கிக்கொள்வதால்தான் ஊர் மூழ்காமல் இருக்கிறது. இதை வெள்ளம் வரும் வருடம் மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மற்ற வருடங்களில் கொசுப் பண்ணை என்று திட்டுவார்கள். அதைக் காப்பாற்ற ஒரு விதி உண்டு. சதுப்பின் ஓரத்திலிருந்து முப்பது மீட்டருக்குள் யாரும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. காகிதத்தில் அந்த விதிக்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பெயர். ஊர் அதை முப்பது என்று சுருக்கிவிட்டது. “வீடு முப்பதுக்கு உள்ளயா, வெளியவா?” என்று விசாரிக்காமல் யாரும் பெண்கூடக் கொடுப்பதில்லை என்று ஒரு கேலியும் இருந்தது.

முப்பதை அளப்பதில் வித்தை ஒன்றும் இல்லை. நாடா இருந்தால் யாரும் அளக்கலாம். ஓரம் எது என்று சொல்வதுதான் கஷ்டம். சதுப்பு என்ன, குளம் மாதிரி கரை கட்டிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறது? அதனால் அலுவலகத்தில் மூன்று அடையாளம் பார்ப்பது வழக்கம். கோரை எதுவரை வளர்ந்திருக்கிறது என்பது ஒன்று. தரையைத் துளைத்து மண்ணெடுக்கும் முறுக்குக் கம்பியை இறக்கி எடுத்தால் மண் சாம்பல் நிறத்தில் துருப்புள்ளியோடு வருகிறதா என்பது இரண்டு. மரத்திலும் கல்லிலும் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்பது மூன்று. மூன்றில் இரண்டு அடையாளமாவது ஒத்துப்போனால்தான் அது ஓரம். ஒன்றை மட்டும் நம்பி முளை அடிக்கக் கூடாது. முக்கியமாகக் கோரையை நம்பவே கூடாது. பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அது வளரும்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் இதை மீறியதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவைக்காகத்தான் ஊர் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

அவளுடைய அக்கா வீடு சதுப்புக்குப் போகும் தெருவின் கடைசியில் இருந்தது. குறுகலான மாடி வீடு. கீழே ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். படுக்கையறை மாடியில், கழிப்பறையும் மாடியில். இரண்டுக்கும் நடுவே ஆளை இடிக்கிற மாதிரி திரும்பும் மாடிப்படி. அக்காவின் கணவரை அவள் மாமா என்று கூப்பிடுவாள். மாமா பஸ் டிரைவர். பாதி வாழ்க்கையை ஸ்டீயரிங் முன்னால் கழித்தவர். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் காலில் எறும்பு ஊறும் மனுஷன். அவருக்குத்தான் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது.

அக்கா அழுதுகொண்டு உட்காரவில்லை. கொல்லைப் பக்கம் ஓர் அறை, அதோடு சேர்ந்து ஒரு கழிப்பறை, வாசலுக்குச் சக்கர நாற்காலி போக ஒரு சரிவு, அவ்வளவும் போட்டு வரைபடம் தயார் செய்தாள். தங்கையிடம் ஒரு வார்த்தை சிபாரிசு கேட்கவில்லை. மற்றவர்கள் மாதிரியே வரிசையில் நின்று மனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மனு மேலதிகாரியின் மேசைக்குப் போனது. அவர் கெட்டிக்காரர் இல்லை, கெட்டவரும் இல்லை. “உங்க அக்கா வீடாச்சே, வேற யாரையாவது அனுப்பட்டுமா?” என்று கேட்டார்.

“வேணாம் சார். நானே போறேன். அப்பதான் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க,” என்றாள்.

அங்கேதான் பிசகினாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் மைத்துனன் கடைக்கு வளைந்து கொடுத்து, அசிங்கப்பட்டு வேலையை விட்டவர். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே ஊர் அவளையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

அளக்கப் போன அன்று இரண்டு பக்க வேலியிலும் ஆட்கள். கொல்லையின் கடைசியில் கோரை பச்சையாக நின்றது. மாமா மாடி ஜன்னலில் சாய்ந்து இடது கையை ஆட்டினார். முறுக்குக் கம்பி வண்டியில் கிடந்தது. அவள் அதை எடுக்கப் போனாள், பாதி வழியில் நின்றாள். கம்பியை இறக்கி, மண் அக்காவுக்குச் சாதகமாக வந்துவிட்டால்? முளையைச் சதுப்புப் பக்கம் தள்ளி அடிக்க வேண்டும். அடித்தால் வேலியோரம் நிற்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? ‘பாத்தியா, அக்கான்னதும் கம்பியத் திருகித் திருகி இடம் எடுத்துக் குடுத்துட்டா.’ அவள் கம்பியை எடுக்கவில்லை. எல்லோரும் பார்க்க, கடைசிக் கோரைத் தண்டின் பக்கத்தில் முளையை வைத்து அடித்தாள். அங்கிருந்து நாடாவை இழுத்தாள். அறையின் ஒரு மூலை முப்பதுக்குள் வந்து விழுந்தது.

அறையைச் சுருக்கிப் பார்த்தார்கள். கழிப்பறையை விட்டால்தான் சரிப்பட்டது. கழிப்பறை இல்லாமல் அந்த அறை எதற்கு? மனு தள்ளுபடியானது.

அதற்குப் பிறகு ஊர் மாறிவிட்டது. “சொந்த அக்காவுக்கே விடாதவ, உனக்கு விடுவாளா?” என்று ஒருவரை ஒருவர் அடக்கிக்கொண்டார்கள். கடைக்காரர்கள் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். முப்பதுக்குள் கொட்டகை போட்டவர்கள் தாங்களே பிரித்தார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

மாமா மாடியிலேயே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேர் வந்து நாற்காலியோடு தூக்குவார்கள். முதலில் அவர் குழறிய வாயோடு வேடிக்கை பேசினார். “படியில தொங்காதீங்கப்பா, உள்ள போங்க, உள்ள போங்க,” என்பார். பிறகு திருப்பத்தில் ஒரு தடவை தவறி, தோள் சுவரில் உரசித் தோல் கிழிந்தது. அதோடு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “டிப்போவுல நிறுத்தின வண்டி. இனிமே எடுக்க வேணாம்,” என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கை கால் பயிற்சிக்குப் போவது நின்றது. முதுகில் புண் வந்தது. கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். “கொஞ்சம் நடமாட்டம் இருந்திருந்தா…” என்று டாக்டர் ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அக்கா தங்கையின் மேல் ஒரு சொல் பழி போடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் இழுத்து இழுத்துப் பேசியபோதுகூட, “அவ என்ன செய்வா? சட்டம் அவ போட்டதா? அவளும் அழுதுகிட்டேதான் அளந்தா. எங்க வீட்டுக்காரரே சொன்னாரு, ரூட்டுன்னா ரூட்டுதான், டிரைவர் இஷ்டத்துக்குத் திருப்ப முடியுமான்னு,” என்றாள். அக்காவுக்கு அது ஒன்றுதான் பிடிமானம். புருஷன் மாடியில் கிடந்து செத்தது யாருடைய அலட்சியத்தாலும் இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு நியாயத்துக்காக என்று நினைத்துக்கொண்டுதான் அவள் சோற்றில் கை வைத்தாள்.

அடுத்த வருடம் பில்டர் வந்தார்.

சதுப்பின் எதிர்க்கரையில் பெரிய மனை. வரிசை வரிசையாக வீடுகள். கடைசி வரிசை முப்பதை ஒட்டிப் போனது. ஊர் கொதித்தது. காசுள்ளவன் வந்துவிட்டான், இனிமேல் விதியாவது ஒன்றாவது என்று தேநீர்க் கடையில் பேசினார்கள். “நம்ம முளைக்குச்சி இருக்கிறவரைக்கும் நடக்காது,” என்று பதிலும் அங்கேயே வந்தது.

பில்டர் மோதிரமும் கூலிங்கிளாஸுமாக வரவில்லை. சேறு ஒட்டிய செருப்போடு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பின்னால் பேசாமல் நடந்தார். அவள் கம்பியை இறக்கினாள். கிழக்கு மூலையில் புல்லை வழித்துப் பூங்கா மாதிரி வைத்திருந்தார்கள். கோரை ஒன்றுகூட இல்லை. ஆனால் மண் சாம்பலாக, துருப்புள்ளியோடு வந்தது. மரங்களில் முழங்கால் உயரத்துக்குக் கறை. இரண்டு அடையாளம். அங்கே மூன்று வீடுகள் முப்பதுக்குள் விழுந்தன. பில்டர் பெருமூச்சு விட்டார், வாதாடவில்லை.

மேற்குப் பக்கம் நேர்மாறு. கோரை தாராளமாக மேலே ஏறி நின்றது. கம்பியை இறக்கினால் மண் காய்ந்த பழுப்பு. நகர்ந்து நகர்ந்து எடுத்துப் பார்த்தாள், பழுப்புதான். கறையும் இல்லை. மேட்டுத் தெருவின் சாக்கடை உடைந்து ஒழுகித்தான் அந்தக் கோரை. அவள் கை தன் பழக்கத்துக்குக் கோரையை விட்டுச் சதுப்புப் பக்கம் தள்ளி, மண் மாறும் இடத்தில் முளையை அடித்தது. அதன்படி மேற்கு வீடுகள் எல்லாம் வெளியே.

“ரொம்ப நன்றிங்க,” என்றார் பில்டர். “எல்லாருக்கும் இப்படித்தானே அளக்குறீங்க?”

அவர் குத்திக் கேட்கவில்லை. சும்மா கேட்டார்.

“எல்லாருக்கும்,” என்றாள் அவள். சொன்ன வாய் மூடவில்லை. அதற்குள் அக்கா வீட்டுக் கொல்லை கண்முன் வந்து நின்றது.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்கு வண்டியை விட்டாள். அக்காவைக் கூப்பிடாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். அவள் அடித்த முளை சாயம் போய் அங்கேயே இருந்தது. அதன் பக்கத்தில் கம்பியை இறக்கினாள். பழுப்பு. வீட்டுப் பக்கம் நகர்ந்தாள். பழுப்பு. சதுப்புப் பக்கம் நகர்ந்து நகர்ந்து போனாள். நல்ல தூரம் தள்ளித்தான் சாம்பல் வந்தது. நாடாகூட வேண்டியிருக்கவில்லை. அறை, கழிப்பறை, சரிவு எல்லாம் முழுசாக வெளியே. இன்னும் ஒரு கட்டில் போடும் அகலத்துக்கு இடம் மிச்சம். கோரை எங்கிருந்து வந்தது என்று பார்த்தாள். பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் வேலிக்கு அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது.

சமையலறைக் கதவு திறந்தது. “என்னடி, திருடி மாதிரி கொல்லைப் பக்கம்? சொல்லிட்டு வரக் கூடாதா?” என்றாள் அக்கா.

“சும்மா பாக்கலாம்னு வந்தேன்.”

“இனிமே பாத்து என்ன ஆகப்போகுது? உள்ள வா, டீ போடுறேன்.” அக்கா கம்பியிலிருந்த மண்ணைப் பார்த்தாள். மண் அவளுக்கு மண்தான். “அந்தப் பில்டரை விட்டுடாதே. எங்களுக்கு இல்லாதது அவனுக்கு எதுக்கு? இந்த மனைக்காக நகராட்சியில போடுற மீட்டிங்குக்கு நானும் வரேன்.”

அவள் டீயைக் குடித்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. எதிரே அக்கா மாமாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லாமலே எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார். பில்டர் மனை விஷயம் அவருக்குத் தலைவலி. “ஊரே நம்மளப் பாக்குது. மேற்குப் பக்கமும் கோரையிலிருந்தே அளந்து எழுதிடுங்க. உங்க அக்கா ஃபைலப் பாத்தேன், அதுலயும் கோரைன்னுதானே எழுதியிருக்கீங்க? ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா எவனும் கேள்வி கேக்க முடியாது.”

அவர் கள்ளமில்லாமல்தான் சொன்னார். அவளுக்கோ ஒரு கதவு திறந்தது மாதிரி இருந்தது. எவ்வளவு சுலபம்! இரண்டு பேருக்கும் ஒரே தப்பைச் செய்துவிட்டால் அதுவும் நியாயம் மாதிரியே தெரியும். ஊர் கை தட்டும். அக்காவின் பிடிமானம் அப்படியே இருக்கும். நஷ்டப்படப் போகிறவர் ஒரு பில்டர். அவருக்காக யார் கண்ணீர் விடப்போகிறார்கள்? அன்று முழுக்க அந்த யோசனையைச் சுமந்துகொண்டு திரிந்தாள். சாயங்காலம் அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது, மேற்கு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கோரை என்று எழுதக் கை வரவில்லை. ஊருக்குப் பயந்து ஒரு தடவை முளை அடித்ததற்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தடவை அடிக்கத் தைரியம் இல்லை. நேர்மை என்று பெரிய பெயரெல்லாம் அதற்கு வைக்க வேண்டாம்.

கூட்டத்தன்று நகராட்சி மண்டபத்தில் உட்கார இடமில்லை. முதல் வரிசையில் அக்கா. யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்து அவளை மரியாதையாக உட்கார வைத்திருந்தார்கள். பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்று அனுமதி கொடுக்கும் குழுவின் தலைவர் சொன்னதும் அக்காதான் முதலில் எழுந்தாள்.

“எனக்குப் பேசத் தெரியாது. என் வீட்டுக்காரரு மாடியிலயே கிடந்து செத்தாரு. கீழ ஒரு ரூம் கட்டக் கேட்டோம். முப்பதுக்குள்ள வருதுன்னு சொன்னாங்க, விட்டுட்டோம். சொன்னது என் கூடப்பிறந்தவ. ஒரு வார்த்தை நான் கேக்கல. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு இருக்கக் கூடாது இல்லையா? எனக்கு எப்படியோ இவருக்கும் அப்படியே அளங்க. அது போதும்.”

மண்டபம் கை தட்டியது. பில்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

முளைக்குச்சி எழுந்தாள். அறிக்கையைக் கையில் பிடித்திருந்தாளே தவிர அதைப் பார்க்கவில்லை. “கிழக்குப் பக்கம் மண்ணும் கறையும் ஒத்துப்போகுது. மூணு வீடு முப்பதுக்குள்ள வருது, கட்டக் கூடாது. மேற்குப் பக்கம் கோரை மட்டும்தான். அது சாக்கடைத் தண்ணியில வளர்ந்தது. ஒரு அடையாளத்தை வச்சு ஓரம்னு சொல்ல முடியாது. அந்த வீடுகளைக் கட்டலாம்.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் சத்தம் கிளம்பியது. எவ்வளவு வாங்கினாள் என்று ஒருவன் கத்தினான். குழுத் தலைவர் மேசையைத் தட்டினார். இரைச்சலுக்கு நடுவே அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

“எங்க வீட்டுக் கொல்லையிலயும் கோரைதானே இருந்துச்சு?”

“ஆமாக்கா.”

“மண்ணு?”

“அன்னிக்கு நான் மண்ணப் பாக்கல. போன வாரம்தான் பாத்தேன். காஞ்ச மண்ணு. உனக்குத் தப்பா அளந்துட்டேன். அந்த ரூமைக் கட்டியிருக்கலாம்.”

கத்தியவன்கூட உட்கார்ந்துவிட்டான். அக்கா தண்ணீர் பாட்டிலை நாற்காலியில் வைத்துவிட்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே போனாள். யாரும் அவளுக்குக் கை கொடுக்கவில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

கூட்டம் முடிந்து, எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டு, அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அடிப்பாள், அழுவாள் என்று நினைத்து வந்தவளுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“கம்பியக் கொண்டு வர மறந்துட்டியா அன்னிக்கு?” என்று கேட்டாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அக்காவே எடுத்துக் கொடுத்த பொய் அது.

“இல்லக்கா. வண்டியிலதான் இருந்துச்சு. எடுக்கல. வேலியில எல்லாரும் நின்னாங்க. அக்காவுக்கு எடுத்துக் குடுத்துட்டான்னு ஊரு பேசுமேன்னு…”

“ஊரு பேசலியே. நல்லாத்தானே பேசுச்சு உன்னை.”

அவள் அழுதாள். மண்டபத்தில் வராத அழுகை இங்கே வந்தது. அக்கா அவளை அழ விட்டாள். ஒரு துண்டை நான்காக மடித்து, முழங்கையால் அழுத்தித் தேய்த்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

“அந்தப் பில்டரு உனக்கு யாரு?”

“யாருமில்ல.”

“யாருமில்லாதவனுக்கு மண்ணப் பாத்து அளந்திருக்கே.” அக்காவின் குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கைப் போட்டு முடித்த களைப்புதான் இருந்தது. “எனக்குச் சலுகை வேணும்னு நான் கேக்கவே இல்லையே. வழியில போற எவளுக்கோ அளக்குற மாதிரி எனக்கும் அளந்திருந்தா, அவரு கீழ இருந்திருப்பாரு. நான் உனக்கு அக்காவாப் போயிட்டேன். அதான் அவரு மாடியில கிடந்தாரு.”

“அக்கா…”

“இனிமே அந்தக் குறை உனக்கு வேணாம்.”

அக்கா மடித்த துணிகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு எழுந்தாள். மாடிப்படியில் காலை வைத்தாள். திருப்பத்தில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க.”